மூன்று தலைமுறையாகக் குடும்பங்கள் நடத்தும் தெருச்சந்தையின் வரலாற்றைத் திரட்டினால் என்ன பயன்?

பெரிய பயன் உண்டு. தெருவோர வியாபாரிகள் சட்டம், 2014-இன் இரண்டாம் அட்டவணைப்படி, 50 ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்புச் சந்தையை (விற்பவர்களும் வாங்குபவர்களும் வழக்கமாகக் கூடும் இடம்) பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. ஆகவே சந்தையின் வயதைக் காட்டும் காகிதம்தான் முக்கியம். அடிக்காசு (சந்தையில் கடை போட வசூலிக்கும் கட்டணம்) ரசீது, பழைய புகைப்படம், அபராதச் சீட்டு (ஆமாம், அதுவும்தான், தேதி போட்டிருக்குமே) எல்லாவற்றையும் நகர விற்பனைக் குழுவிடம் (தெருவோர வியாபாரத்தைக் கவனிக்க அந்தச் சட்டப்படி அமைந்த உள்ளூர்க் குழு) கொடுங்கள். அடிக்காசு ரசீதில் கடைக்காரர் பெயர் இல்லாவிட்டால், அது சந்தைக்குத்தான் சாட்சி, உங்கள் கடைக்கு அல்ல.

குடும்ப உரிமை வேறு விஷயம். தெருவில் கடை போட அனுமதிக்கும் விற்பனைச் சான்றிதழை வாடகைக்கு விட முடியாது. வியாபாரி இறந்தால் முதலில் மனைவி அல்லது கணவர், அடுத்து அவரைச் சார்ந்த பிள்ளை கடை போடலாம். அதுவும் சான்றிதழ் காலாவதியாகும்வரைதான்.