கோழிக்கறி அடைக்கிறது, ஐஸ்கிரீம் மட்டும் எப்படி இறங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 42. எட்டு மாதங்களுக்கு முன் எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 128 கிலோவில் இருந்து 94 கிலோவுக்கு வந்திருக்கிறேன். முதல் நாலைந்து மாதம் பசியே தெரியவில்லை. இப்போது பசி திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. கோழிக்கறி இரண்டு துண்டு சாப்பிட்டாலே நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் அடைக்கிறது. ஆனால் ஒரு கப் ஐஸ்கிரீமோ ஒரு பாக்கெட் சிப்ஸோ சிரமமே இல்லாமல் போய்விடுகிறது. போன மாதம் எடை கொஞ்சமும் குறையவில்லை. வெட்டிச் சிறிதாக்கிய இரைப்பை மறுபடியும் பெரிதாகிவிட்டதா? சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே என்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இன்னொன்று: முன்பெல்லாம் வார இறுதியில் நண்பர்களோடு சோடா கலந்து இரண்டு பெக் விஸ்கி எடுப்பேன். இனி அளவாகக் குடிக்கலாமா?

பதில்: கறி அடைக்கிறது, ஐஸ்கிரீம் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

சாதாரண இரைப்பை நன்றாக விரிந்தால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்கூடக் கொள்ளும். ஸ்லீவ் முறையில் அதில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மி.லி. வரைதான் பிடிக்கும். புதிதில் உள்ளே வீக்கமும் இருப்பதால் இரண்டு ஸ்பூன் தயிருக்கே வயிறு முட்டிவிடும். வீக்கம் வடிந்து, தையல் ஆறி, குழாய் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்போது ஒரு வேளைக்கு முக்கால் கப், ஒரு கப் வரை சாப்பிட முடிகிறது. எட்டாவது மாதத்தில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். இரைப்பை பழைய அளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பசி திரும்பியதற்கும் காரணம் உண்டு. பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. 1999-ல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்லீவ் சிகிச்சையில் வெட்டி எடுக்கிற பகுதியோடு அந்த மேல்பகுதியும் போய்விடுகிறது. அதனால்தான் ஆரம்ப மாதங்களில் சாப்பாட்டு நேரமே மறந்துபோகிறது. மாதங்கள் போகப் போக உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள, பசியும் ஓரளவு திரும்புகிறது. அது வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

சரி, கறிக்கு வருவோம். அந்தக் குழாய் கெட்டியான உணவைத்தான் அளக்கிறது. கறி, முட்டை, பருப்பு, காய் எல்லாம் அதற்குள் கொஞ்ச நேரம் தங்கி, சுவரை அழுத்தி, 'போதும்' என்று மூளைக்குச் சொல்ல வைக்கும். ஐஸ்கிரீம் அங்கே போய்ச் சேர்வதற்குள் உருகித் தண்ணீராகிவிடுகிறது. சிப்ஸ் வாயில் கெட்டியாக இருந்தாலும் எச்சிலோடு சேர்ந்து கூழாகிவிடும். இரண்டும் தங்காமல் குடலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு ஸ்லீவ் ஆன இரைப்பை முன்பைவிட வேகமாகக் காலியாகிறது. அதாவது, அறுவை சிகிச்சை உங்களுக்கு ஒரு காவல்காரனை வைத்திருக்கிறது. அவன் கெட்டி உணவை மட்டும்தான் மறிப்பான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களை அடைக்கிற இரண்டு துண்டு கோழிக்கறி, எலும்பில்லாமல் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 100 கலோரியும் 18 கிராம் புரதமும் இருக்கும். 100 கிராம் ஐஸ்கிரீமில் 200 கலோரி. 50 கிராம் சிப்ஸில் 250-க்கு மேல். இரண்டிலும் புரதம் பெயருக்குத்தான். அளவாகச் சாப்பிடுவது என்றால் கொஞ்சமாகச் சாப்பிடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்கள் கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறீர்கள். எதைக் கொஞ்சமாக என்பதில்தான் தவறு.

எடை ஒரு மாதம் நின்றதற்காக இப்போதே கவலைப்படத் தேவையில்லை. முதல் ஆறு மாதம் மளமளவென்று இறங்கும், அப்புறம் மெதுவாகும், நடுவில் சில வாரம் அசையாமலும் நிற்கும். பெரும்பாலோர் ஒரு வருடத்துக்கும் இரண்டு வருடத்துக்கும் இடையில்தான் தங்கள் குறைந்தபட்ச எடையைத் தொடுகிறார்கள். ஆனால் பசி திரும்புகிற இந்தக் காலத்தில் கை எதற்கு நீளுகிறதோ, அதுதான் பழக்கமாகிறது. அதனால் சிப்ஸ் பாக்கெட்டை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதை இந்த மாதமே தொடங்குங்கள். வீட்டில் இருந்தால் சாப்பிடத்தான் செய்வீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான்.

கறி அடைப்பதற்கு இடம் போதாதது மட்டும் காரணமில்லை. துண்டு பெரிதாக இருக்கும், வறண்டிருக்கும், அவசரமாக விழுங்கியிருப்பீர்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். கொத்துக்கறியாகச் செய்தாலோ குழம்பில் நன்றாக வேகவைத்தாலோ எளிதாக இறங்கும். மீனும் முட்டையும் இன்னும் சுலபம். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மென்றுவிட்டு, ஸ்பூனைக் கீழே வையுங்கள். கையில் வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். கையில் இருந்தால் அடுத்த வாய் தானாகத் தயாராகிவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் அது சாப்பாடு இல்லை, கொறிப்பது.

எங்கே நிறுத்துவது என்பது சிலருக்கு மாதக்கணக்கில் பிடிபடுவதில்லை. உடம்பு சொல்லிவிடும், ஆனால் சத்தமாகச் சொல்லாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கில் நீர் கோக்கும். சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு ஒரு பெருமூச்சு. மார்பெலும்புக்குக் கீழே லேசான அழுத்தம். உங்களுக்கு இதில் எது வருகிறது என்று கவனித்து, அது வந்ததும் எழுந்துவிடுங்கள். அதையும் தாண்டி ஒரு வாய் போட்டால்தான் நீங்கள் சொல்கிற கல். அதற்கும் மேலே போனால் வாயில் எச்சில் நுரைநுரையாகப் பொங்கி, வாந்தியில் முடியும். என்னிடம் வருகிறவர்களில் வாந்தி எடுத்ததாகச் சொல்பவர்களைக் கிளறிக் கேட்டால், பாதிப் பேர் தட்டில் மீந்த கடைசி வாயை வீணாக்க மனமில்லாமல் போட்டுக்கொண்டதாகத்தான் சொல்கிறார்கள். தட்டைச் சிறிதாக்கிப் பாருங்கள். கடைசி வாயே மிஞ்சாது.

தட்டில் முதலில் தொட வேண்டியது புரதம். உங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம், முடிந்தால் 80 கிராம் வரை தேவை. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் என்று எதில் வேண்டுமானாலும் அது வரட்டும். அது குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், முடி கொட்டும். (மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை முடி கொட்டுவது பலருக்கும் நடக்கிறது, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.) புரதத்துக்குப் பின் காய், இடம் மிச்சமிருந்தால் சோறோ ரொட்டியோ. மூன்று வேளை, நடுவில் ஒருமுறை திட்டமிட்ட சிறு தீனி, அவ்வளவுதான்.

நன்றாக மென்ற மென்மையான உணவுகூட அடைக்கிறது, நாளுக்கு நாள் அது கூடுகிறது என்றால் கதை வேறு. குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம். அப்போது மெல்லும் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்காமல், எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்லி உங்கள் அறுவை மருத்துவரிடம் போங்கள்.

தண்ணீர் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்கிறீர்கள். இத்தனை வருடமும் பல் செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீரைக்கொண்டு செய்திருக்கிறீர்கள். மென்றால் இறங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது: ஒரு கப் இடத்தில் அரை கப்பைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு எங்கே போவீர்கள்? தவிர, அது கெட்டி உணவையும் கரைத்து ஐஸ்கிரீம் மாதிரி ஆக்கிவிடுகிறது; காவல்காரனுக்கு வேலை இல்லாமல் போய்விடும். தட்டில் கை வைத்தது முதல் சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் வரை குடிக்காதீர்கள்.

அதற்காகத் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது. இந்த விதியைக் கேட்டுவிட்டு நாள் முழுக்க அரை லிட்டரோடு நிறுத்தி, தலைசுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒன்றரை லிட்டர் வேண்டும். ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடியுங்கள். மதியத்துக்குள் ஒன்று, மாலைக்குள் ஒன்று, படுப்பதற்குள் ஒன்று. சிறுநீர் வெளிர் நிறமாகப் போகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், 34 கிலோ குறைந்த பிறகும் பழைய அளவிலேயே அதைத் தொடர்கிறீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தலைசுற்றலுக்கு அதுவும் ஒரு காரணம். பழச்சாறும் இனிப்புக் கலந்த பானங்களும் ஐஸ்கிரீமின் உடன்பிறப்புகள்தான். சோடா வேண்டாம்; வாயு குழாயை விரித்து வலியைக் கொடுக்கும், புளித்து எதுக்களிக்க வைக்கும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு எதுக்களிப்பு ஏற்கெனவே அதிகம்.

இனி விஸ்கி. முதல் ஒரு வருடம் வேண்டவே வேண்டாம்.

மது உடலில் கலப்பது பெரும்பாலும் சிறுகுடலில்தான். முன்பு இரைப்பை அதைக் கொஞ்ச நேரம் தேக்கி, சிறு பகுதியைத் தன் சுவரிலேயே சிதைத்து, மெதுவாகக் கீழே அனுப்பும். இப்போது தேக்க இடமில்லை, சிதைக்கச் சுவரும் அவ்வளவு இல்லை. அதனால் போதை சீக்கிரம் ஏறும், அதிகமாக ஏறும். பழைய இரண்டு பெக் இப்போது இரண்டு பெக் இல்லை. நான் தெளிவாகத்தானே இருக்கிறேன் என்று வண்டி சாவியை எடுக்கும்போது ரத்தத்தில் அளவு எகிறியிருக்கும். கொஞ்சமாகச் சாப்பிடுகிற உடம்பில் மது ரத்தச் சர்க்கரையையும் சட்டென்று இறக்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அமெரிக்காவில் எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 1,945 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. மதுவால் சிக்கலுக்கு ஆளானவர்கள் அறுவைக்கு முன் 7.6 சதவீதம். முதல் வருடத்தில் அது கூடவில்லை. இரண்டாம் வருடத்தில் 9.6 ஆனது. ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்லீவ் அல்ல, இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கிற பைபாஸ் முறை செய்தவர்கள்தான். ஆனாலும் ஸ்லீவ் செய்தவர்களை நான் விலக்கிப் பேசுவதில்லை. எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கிற முதல் வருடத்தில் ஒன்றும் நடப்பதில்லை, பயம் தெளிந்த பிறகுதான் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போய்விட்டது. மனம் அதை வேறெங்காவது தேடும். கிளாஸ் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று பரிசோதனை சொல்லி, உங்கள் மருத்துவரும் சம்மதித்தால், எப்போதாவது ஒரு நாள், சாப்பிட்ட பின், சோடா இல்லாமல், 30 மி.லி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது. வாராவாரம் என்றால் என் பதில் கூடாது என்பதுதான். 60 மி.லி. விஸ்கியில் 130 கலோரி இருக்கிறது, அதுவும் வழுக்கிக்கொண்டு போகிற வகை. தனிமையில் குடிக்கத் தோன்றினால், அல்லது இத்தனை மணிக்கு என்று மனம் எதிர்பார்க்கத் தொடங்கினால், மறைக்காமல் சொல்லுங்கள். எடை கூடியதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களைவிட இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அதிகம்.

நீங்கள் கேட்காத இரண்டு. ஒன்று, சத்து மாத்திரைகள்: மல்ட்டி வைட்டமின், பி12, டி, கால்சியம், தேவைப்பட்டால் இரும்பு. இவை ஆயுள் முழுக்க. கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள். இரண்டு, தலைவலி, மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். புண் வந்தால் அந்தச் சின்னக் குழாய் தாங்காது. பாராசிட்டமால் போதும்.

எதைச் சாப்பிட்டாலும் வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் வந்தால் வீட்டில் இருக்காதீர்கள். தயமின் என்கிற பி1 தீர்ந்துபோய் கண் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், நரம்பு பாதிக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, வயிற்று வலி பொறுக்க முடியாமல் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த பரிசோதனைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை நிமிடம், எது அடைத்தது, எவ்வளவு தண்ணீர். அந்த நோட்டு இருந்தால் உங்கள் உணவு ஆலோசகர் பத்து நிமிடத்தில் எங்கே கைவைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஐஸ்கிரீமையும் எழுதுங்கள்.