மேற்கோள் குறியை யார் எடுத்தது?

கேள்வி: பஸ் நேரசூசி காட்டும் சி புரோகிராம் ஒன்று வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை -டிஊர்=\"யாழ்ப்பாணம்\" என்ற ஃபிளாக் (கொம்பைலர் கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) மூலம் கொடுப்பேன். மேக் கருவிக்கான கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் ஒழுங்காக ஓடியது. மேக், நிஞ்சா போன்ற கருவிகளுக்கான கட்டளைகளைத் தானே எழுதித் தரும் சீமேக்குக்கு மாறி, அதே வரியை சீமேக்_சி_ஃபிளாக்ஸ் மாறியின் மேற்கோளுக்குள் போட்டேன். யாழ்ப்பாணம் என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை என்கிறது கொம்பைலர். ஒரு எழுத்தும் மாற்றவில்லையே, ஐயா?
- கோண்டாவில் மாணவன்

பதில்: வரி மாறவில்லை தம்பி, அதை வாசிப்பவர்கள் கூடிவிட்டார்கள். மேக் இந்தக் குறிகளைத் தொடாமல் ஷெல்லிடம் (கட்டளை வரியை வாசித்து ஓட்டும் புரோகிராம்) கொடுத்துவிடும். ஷெல் பின்சாய்கோட்டை (\) மட்டும் எடுத்துவிட்டு மேற்கோள் குறியைக் கொம்பைலருக்கு விடும். சீமேக்கில் அப்படியில்லை, நீங்கள் போட்ட பின்சாய்கோட்டை முதலில் சீமேக்கே எடுத்துவிடுகிறது, அப்புறம் வெறும் மேற்கோள் குறியோடு வரும் வரியைப் பார்த்த ஷெல் அது தனக்கு வந்தது என்று அதையும் கழற்றிவிடுகிறது, கடைசியில் கொம்பைலருக்குக் கிடைப்பது ஊர்=யாழ்ப்பாணம் மட்டும். குறியில்லாத சொல்லை அது ஒரு மாறியின் பெயராகத்தான் எடுக்கும்.

ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் மூன்று பின்சாய்கோடு போட்டால் ஓடும். எனக்கு அது பிடிக்காது, ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஏன் மூன்று என்று எழுதியவருக்கே விளங்காது. டார்கெட்_கொம்பைல்_டெஃபினிஷன்ஸ் கட்டளையைப் பாவியுங்கள்: -டி வேண்டாம், "ஊர்=\"யாழ்ப்பாணம்\"" என்று எழுதினால் போதும், மேக்குக்கும் நிஞ்சாவுக்கும் விஷுவல் ஸ்டூடியோவுக்கும் எது தேவையோ அந்த எஸ்கேப்பை (குறியைக் காக்கும் பின்சாய்கோடு போன்றவற்றை) சீமேக்கே போட்டுக்கொள்ளும்.

நிஞ்சாவை -வி போட்டு ஓட்டினால் கட்டளை முழுதாகத் தெரியும், ஆனால் அது ஷெல் கைவைப்பதற்கு முந்திய வரி, அதை நம்பி ஏமாறவேண்டாம். அந்தக் கட்டளையையே எடுத்து, -o என்பதையும் அதற்குப் பின்வரும் கோப்புப் பெயரையும் நீக்கி, -டிஎம் -ஈ (-dM -E) சேர்த்து ஜிசிசி கொம்பைலரை ஓட்டிப் பாருங்கள். ஊர் என்பதற்குக் கொம்பைலர் உண்மையில் எதை வைத்திருக்கிறது என்று அச்சடித்துக் காட்டும்.

நாளைக்கு "யாழ்ப்பாணம் பஸ் நிலையம்" என்று இடைவெளியோடு கொடுக்க நினைத்தால் உங்கள் பழைய மேக்ஃபைலும் உடையும், ஷெல் இடைவெளியில் வெட்ட, பஸ் என்பதை ஒரு கோப்பு என்று நினைத்துக் கொம்பைலர் தேடும். ஃபிளாக் முழுவதையும் ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் பின்சாய்கோடுகளை எடுத்துவிட்டால் லினக்ஸில் சரி. விண்டோஸின் சிஎம்டிக்கு ஒற்றை மேற்கோள் விளங்காது. அப்படியான பெயர்களை கொன்ஃபிகர்_ஃபைல் கொண்டு ஒரு ஹெடர் கோப்பில் எழுதிவிடுங்கள், ஷெல் அந்தப் பக்கமே வராது.