குறுக்கே யோசிக்க வேண்டிய கணக்குப் புதிர்கள்: கேள்வி பதில்

கேள்வி: 16, 06, 68, 88, ?, 98. கேள்விக்குறி இருக்கும் இடத்தில் என்ன வரும்? கூட்டினேன், கழித்தேன், வர்க்கம்கூட எடுத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

பதில்: கணக்கே போட வேண்டாம், தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். 86, ?, 88, 89, 90, 91 என்று வரிசையாக நிற்கும். விடை 87. கார் நிறுத்துமிடத்தில் தரையில் எழுதிய எண்களாக இந்தப் புதிரைப் படம் போட்டுக் கேட்பார்கள், நாம் எதிர்ப்பக்கம் நின்று படிக்கிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: 87-ஐத் தலைகீழாகத் திருப்பினால் எண்ணாகவே தெரியாதே?

பதில்: நல்ல கேள்வி. 0, 1, 6, 8, 9 மட்டும்தான் திருப்பினாலும் இலக்கமாகத் தெரியும். 7 அப்படி இல்லை, அது வெளியே தெரிந்தால் குட்டு உடனே உடைந்துவிடும். அதனால்தான் சரியாக அந்த எண்ணின் மேல் காரை நிறுத்தி மறைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா? கணக்கு எங்கே இருக்கிறது?

பதில்: இல்லை என்றுதான் சொல்வேன். சிந்தனை முறைகளைப் பற்றி எழுதிய எட்வர்ட் டி போனோ 1967-ல் இந்த மாதிரி யோசனைக்குப் பக்கவாட்டுச் சிந்தனை என்று பெயர் வைத்தார். ‘இடமிருந்து வலமாக, நேராகத்தான் படிக்க வேண்டும்’ என்று புதிர் எங்கேயும் சொல்லவில்லை, அந்த நிபந்தனையை நாமே போட்டுக்கொண்டோம். ஆனால் கண்டுபிடித்த விடை கொடுத்த எல்லா எண்களுக்கும் பொருந்த வேண்டும், ஒன்று இடறினாலும் அது வெறும் ஊகம்தான்.

கேள்வி: 100 பேர் ஆடும் நாக்-அவுட் போட்டி, டிரா கிடையாது. மொத்தம் எத்தனை ஆட்டம்?

பதில்: 99. சுற்றுச் சுற்றாக எண்ணாமல் தோற்பவர்களை எண்ணுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் வெளியேறுகிறார், வெளியேற வேண்டியவர்கள் 99 பேர்.

கேள்வி: 8-க்கு 8 சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிவிட்டால் மீதி 62. ஒரு டோமினோ (செவ்வகத் துண்டு) ஒட்டியிருக்கும் இரண்டு கட்டத்தை மூடும் என்றால் 31 டோமினோ போதும்தானே? எப்படி அடுக்கினாலும் கடைசியில் இரண்டு கட்டம் மிஞ்சுகிறது.

பதில்: மிஞ்சத்தான் செய்யும், நாள் முழுக்க அடுக்கினாலும் நடக்காது. தத்துவ அறிஞர் மாக்ஸ் பிளாக் 1946-ல் கொடுத்த புதிர் இது, எனக்கு ரொம்பப் பிடித்தது. எண்ணிக்கையை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகள் ஒரே நிறம், அவை வெள்ளை என்று வைத்துக்கொண்டால் மீதி 30 வெள்ளை, 32 கறுப்பு. டோமினோவை எங்கே வைத்தாலும் ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும்தான் மூடும், ஆக 30 வைத்ததுமே வெள்ளை தீர்ந்துவிடும். மிஞ்சும் இரண்டு கறுப்பும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களாக இருக்கவே முடியாது.

கேள்வி: சரி, ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் வெட்டினால்?

பதில்: அப்படி நிறத்துக்கு ஒன்றாக எந்த இரண்டை வெட்டினாலும் முடியும், கணித அறிஞர் ரால்ஃப் கோமரி அழகாக நிரூபித்தார். 64 கட்டங்கள் வழியாகவும் ஒரே ஒரு முறை போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு பாதையை வரையுங்கள். அதில் நிறங்கள் மாறி மாறி வரும், அதனால் ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும் எடுத்தால் மீதிப் பாதையின் ஒவ்வொரு துண்டிலும் இரட்டைப்படைக் கட்டங்கள்தான் இருக்கும். அப்புறம் என்ன, பாதையோடு போய்க்கொண்டே டோமினோவை வரிசையாக வைக்க வேண்டியதுதான்.