4கே 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே நிற்கிறது: பழுது எங்கே?

கேள்வி: 27 அங்குல 4கே, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1080. பழைய எச்டிஎம்ஐ கேபிளையே செருகினேன். விண்டோஸ் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் காட்டவில்லை. மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அனேகமாக மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சரியாக 60-ல் நிற்பதே துப்பு. 30-ல் நின்றால் எச்டிஎம்ஐ 1.4, 60-ல் நின்றால் எச்டிஎம்ஐ 2.0 என்று ஊகிக்கலாம். உங்கள் கார்டில் இருப்பது 2.0தான்.

கணக்கைப் பாருங்கள். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 144 முறை அனுப்ப ஏறத்தாழ 28.7 கிகாபிட் வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 உண்மையில் சுமப்பது 14.4 கிகாபிட். விலை உயர்ந்த கேபிள் வாங்கினாலும் இது மாறாது, போர்ட்டே அவ்வளவுதான்.

கார்டில் உள்ள டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுங்கள். மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் செருகிவிடாதீர்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் 120-ஐத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் 120 வரவில்லை என்றால் மானிட்டரின் சொந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்று வைத்திருக்கிறதா பாருங்கள், 1.4 ஆக மாற்றுங்கள்.

ஏன் 144 இல்லை? டிஸ்ப்ளேபோர்ட் 1.4 சுமப்பது 25.9 கிகாபிட். முழு நிறத்தோடு 120 ஹெர்ட்ஸ் அதில் விளிம்பு தட்டி உட்கார்ந்துவிடும். 144 கேட்டால் நிறத் தகவலைக் குறைத்து, 4:2:2 முறையில்தான் அனுப்ப முடியும். கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளை வைத்துப் பாருங்கள், ஓரங்கள் கசிந்தாற்போல் தெரியும். 120-க்கும் 144-க்கும் ஒரு ஃபிரேமில் வித்தியாசம் 1.4 மில்லிநொடிதான். நாள் முழுக்க எழுத்தைப் படிக்கும் கண்ணுக்கு 120-தான் நல்லது. (புதிய விளையாட்டுகளை 4கே-யில் 120 ஃபிரேமுக்கு ஓட்ட இந்தக் கார்டால் எப்படியும் முடியாது.)

120-ல் திரை அவ்வப்போது ஓரிரு நொடி கறுத்து மீண்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். 60-க்கு இறக்கியதும் அது நின்றுவிட்டால் சந்தேகம் உறுதி. 2 மீட்டருக்கு மிகாத, டிபி8கே (DP8K) சான்று பெற்ற டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போதும். கணினியைப் போட்டதும் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாகவே இருந்தால் அது வேறு சங்கதி: இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்காக என்விடியா வெளியிட்ட டிஸ்ப்ளேபோர்ட் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட்டைப் போடுங்கள்.

முழு நிறத்தோடு 144 வேண்டுமென்றால் கார்டை மாற்றத்தான் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 20 அல்லது ரேடியான் ஆர்எக்ஸ் 5000 வரிசையிலிருந்து டிஎஸ்சி, அதாவது படத் தகவலைச் சுருக்கி அனுப்பும் வசதி உண்டு. மானிட்டரின் விவரக்குறிப்பிலும் டிஎஸ்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.