சின்னத் துளை வழியாக முழுச் சிறுநீரகத்தை எப்படி எடுக்கிறார்கள்? முதலில் செய்தவர் யார்?

அமெரிக்க யூராலஜிஸ்ட் (சிறுநீரக, சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர்) ரால்ஃப் கிளேமன். 1990 ஜூன் மாதம், செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தார். நோயாளி 85 வயதுப் பாட்டி, சிறுநீரகத்தில் கட்டி.

பித்தப்பை என்றால் காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கி வந்துவிடும். சிறுநீரகமோ கைமுட்டி அளவு, உள்ளே கெட்டியான சதை. அதை விரலளவுத் துளையில் எப்படி இழுப்பது? கிளேமன் குழு வயிற்றுக்குள்ளேயே ஒரு பையை விரித்து, சிறுநீரகத்தை அதற்குள் போட்டுச் சுருக்கைப் பூட்டியது. அப்புறம் பையின் வாயை மட்டும் வெளியே இழுத்து, நுனியில் சுழலும் கத்தி உள்ள குழாயை விட்டு, துண்டாக்கி உறிஞ்சி எடுத்தார்கள். கிட்டத்தட்ட மிக்ஸி வேலைதான்! மொத்தம் ஏறக்குறைய 7 மணி நேரம் பிடித்தது.

இது திடீரென வந்த துணிச்சல் இல்லை. அதற்கு முன்பே, மின்னசோட்டாவில் யூராலஜிஸ்ட் ஆர்தர் ஸ்மித்துடன் சேர்ந்து, முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுத்துப் பழகிய கை அது. என் கணக்கில் அந்த அனுபவம்தான் பெரிய விஷயம்.

இப்போது புற்றுநோய் என்றால் பெரும்பாலும் அரைப்பதில்லை. அடிவயிற்றில் சிறிதாகக் கீறி, பையோடு முழுசாக எடுத்துவிடுகிறார்கள். கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று ஆய்வகத்தில் பார்க்க வேண்டுமே.