திரவங்களின் அடர்த்தி: ஆய்வகக் கேள்விகளும் பதில்களும்

திரவங்களின் அடர்த்தியை அளப்பதே என் அன்றாட வேலை. வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முதுநிலை வேதியியல் மாணவி, திருநெல்வேலி: ஐயா, 25 மி.லி. அடர்த்திக் குப்பியில் (மூடியில் நுண்துளை உள்ள, கொள்ளளவு மாறாத குப்பி) தூய எத்தனாலை அளந்தேன். அதே குப்பியில் நீரையும் எடை பார்த்து, நீரின் அடர்த்தியை மில்லிலிட்டருக்கு 1 கிராம் என்று வைத்துக் கணக்கிட்டேன். 0.7840 வருகிறது. புத்தகத்தில் 0.7893 என்று இருக்கிறது. எத்தனாலில் நீர் கலந்திருக்கிறதா?

இல்லை. நீர் கலந்திருந்தால் அடர்த்தி ஏறியிருக்கும். 95 சதவீத எத்தனால் 0.81 அளவில் நிற்கும். புத்தகம் சொல்லும் 0.7893 என்பது 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. உங்கள் ஆய்வகம் 30 டிகிரியில் இருந்திருக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் எத்தனாலின் அடர்த்தி சுமார் 0.00085 குறைகிறது. அப்படியானால் 30 டிகிரியில் வரவேண்டிய விடை 0.7808.

உங்கள் விடை அதைவிடக் கூடியதற்குக் காரணம், நீரை 1 என்று வைத்தது. 30 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.99565தான். நீங்கள் கண்டுபிடித்தது ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட விகிதம். அதை 0.99565ஆல் பெருக்குங்கள்; 0.7806 வரும். மீதி 0.0002 காற்றினால் வருவது. தராசில் வைத்த திரவத்தைக் காற்று சற்றே மேலே தூக்குகிறது. நீருக்கும் எத்தனாலுக்கும் அந்தத் தூக்கல் ஒரே அளவு என்றாலும், எடை குறைந்த எத்தனாலில் அதன் பங்கு பெரிது. நீரின் அடர்த்தியிலிருந்து காற்றின் அடர்த்தியான 0.0012ஐக் கழித்து, எடை விகிதமான 0.7840ஆல் பெருக்கி, கடைசியில் அதே 0.0012ஐக் கூட்டுங்கள். 0.7808 வந்துவிடும். உங்கள் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. சந்தோஷமாக எழுதிக்கொடுங்கள், 30 டிகிரி என்பதைப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். வெப்பநிலை எழுதாத அடர்த்தியை நான் அளவாகவே எண்ணுவதில்லை.

ஆய்வக உதவியாளர், சென்னை: நீர்த்தொட்டியை 20 டிகிரியில் வைத்துக் குப்பியை எடுத்து, துடைத்து, தராசில் வைக்கிறேன். எடை நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கிறது. தராசில் பழுதா?

தராசைச் சந்தேகிக்கும் முன் குப்பியின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கடலோர ஊரின் ஈரக்காற்றில் 20 டிகிரிக் கண்ணாடியை நீட்டினால் அதன்மேல் பனி படியும், எடை ஏறும். அதே நேரத்தில் உள்ளே உள்ள திரவம் அறை வெப்பத்தில் விரிந்து மூடியின் நுண்துளை வழியே கசிகிறது. அது ஆவியாகும்போது எடை இறங்கும். இரண்டும் ஒன்றாக நடக்கும்போது எந்தத் தராசும் நிற்காது.

தொட்டியை அறையைவிட ஓரிரு டிகிரி கூடுதலாக வையுங்கள். அறை 29 டிகிரி என்றால் தொட்டி 30 அல்லது 31. அப்போது திரவம் துளைக்குள் சற்றே கீழிறங்குமே தவிர வெளியே வராது. குப்பி கழுத்துவரை மூழ்கி அரை மணி நேரமாவது இருக்கட்டும். துளையின் வாயைத் தொட்டி நீரில் இருக்கும்போதே தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். பிறகு குப்பியைக் கழுத்தில் மட்டும் பிடியுங்கள். உள்ளங்கைச் சூடே திரவத்தை வெளியேற்றப் போதும். ஒரு சொட்டு எத்தனால் 40 மில்லிகிராம் என்று வைத்தால், 25 மி.லி. குப்பியில் அது 0.0016 பிழை. குப்பியின் கொள்ளளவையும் அதே வெப்பநிலையில் நீரை வைத்துக் காணவேண்டும். 20 டிகிரி மதிப்புதான் கட்டாயம் என்றால், அறையையே குளிர்விப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

எண்ணெய் ஆலை ஆய்வகப் பணியாளர், விருதுநகர்: டிஜிட்டல் அடர்த்திமானியில் விளக்கெண்ணெய் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டுகிறது. மற்ற எண்ணெய்களுக்குச் சரியாக வருகிறது.

அந்தக் கருவிக்குள் யூ வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கிறது. வீணையில் கனமான தந்தி மெதுவாக அதிர்வதுபோல, கனமான திரவம் நிரம்பினால் குழாய் மெதுவாக அதிரும். அந்த அலைவு நேரத்திலிருந்து அடர்த்தியைக் கணக்கிடுகிறார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் உருவாகி 1967இல் சந்தைக்கு வந்த முறை இது. எனக்கு மிகவும் பிடித்த கருவி.

குழாயில் நுண்ணிய காற்றுக்குமிழ் ஒன்று இருந்தாலும் விடை குறைந்துவிடும். விளக்கெண்ணெயின் பாகுத்தன்மை நீரைப்போல் பல நூறு மடங்கு. உள்ளே போன குமிழ் வெளியே வராது. எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, சிறிது நேரம் அசையாமல் வைத்து, சிரிஞ்சால் மிக மெதுவாகச் செலுத்துங்கள். பார்வைச் சாளரத்தில் குழாயை நன்றாகப் பார்த்த பிறகே எண்ணைப் படியுங்கள். குமிழ் இல்லாமலும் விடை நிலையாக ஆனால் சற்றே கூடுதலாக வந்தால், பாகுத்தன்மைத் திருத்தம் செயல்படுகிறதா என்று கருவியின் அமைப்பில் சரிபாருங்கள். பழைய கருவிகளில் அந்தத் திருத்தம் இருக்காது. தினமும் காலையில் காய்ச்சி வடித்த, காற்று நீக்கிய நீரை அளந்து பார்க்கும் பழக்கமும் வேண்டும்: 20 டிகிரியில் 0.9982.

பெட்ரோல் நிலைய ஊழியர், திருச்சி: திரவமானியில் பெட்ரோலின் அடர்த்தி கன மீட்டருக்கு 735 கிலோ என்று வருகிறது. ரசீதில் 750 என்று இருக்கிறது.

ரசீதில் இருப்பது 15 டிகிரிக்கு மாற்றிய மதிப்பு. உங்கள் ஜாடியில் 32 டிகிரி இருந்தால், கன மீட்டருக்கு 14, 15 கிலோ குறைவது இயல்பே. ஜாடிக்குள்ளேயே வெப்பமானியை வைத்துப் படித்து, மாற்று அட்டவணையில் பாருங்கள்.

பள்ளி ஆசிரியர், கும்பகோணம்: பழைய நூல் ஒன்றில் ஒரு லிட்டர் 1000.028 கன சென்டிமீட்டர் என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை அல்ல. 1901 முதல் 1964 வரை, ஒரு கிலோகிராம் நீர் தன் உச்ச அடர்த்தியில் அடைக்கும் இடமே லிட்டர் எனப்பட்டது. 1964இல் அதை மாற்றி, ஒரு கன டெசிமீட்டருக்கே லிட்டர் என்ற பெயரைக் கொடுத்தார்கள். அந்தக் கால அட்டவணையில் 'மில்லிலிட்டருக்குக் கிராம்' என்று இருந்தால், ஐந்தாவது தசம இடம் முக்கியமாகும்போது 1.000028ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.