விலை குறைந்த இயர்பட்ஸ் கொடுத்த காசுக்கு உழைக்குமா?

ஒயர் இல்லாத இயர்பட்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா, நல்லதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். மூன்றாவது ஜோடியை ஓட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேட்கிற அளவுக்கு எல்லாவற்றிலும் கேட்கத்தான் செய்கிறது. என் அனுபவத்தில் முதலில் படுப்பது பேட்டரிதான்.

என் முதல் ஜோடி புதிதில் ஒரு சார்ஜுக்கு 4 மணி நேரம் தாங்கியது. ஒன்றரை வருடத்தில் வலது பக்கம் முக்கால் மணி நேரத்திலேயே 'பேட்டரி லோ' என்று முனக ஆரம்பித்தது. இடது பக்கமோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. தப்பு என்னுடையதுதான். போன் பேச எப்போதும் வலது பக்கத்தை மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வேன். ஒரு பட்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 60 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரி. 5000 எம்ஏஎச் போனோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்குதான். லித்தியம் அயான் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் (முழு சார்ஜ் தீர்ந்து மறுபடி ஏறினால் ஒரு சுற்று) பிறகு தொய்ந்துவிடும். அதை மாற்றவும் வழியில்லை, ஒட்டி மூடியிருப்பார்கள். தினமும் 4 மணி நேரம் கேட்பவருக்கு நாளுக்கு ஒரு சுற்று. ஒரு மணி நேரம் கேட்பவருக்கு நான்கு நாளுக்கு ஒரு சுற்று. ஆக, ஒரே பொருள் உங்களுக்கு லாபமாகவும் எனக்கு நஷ்டமாகவும் ஆகலாம். விலையை, அது உயிரோடு இருக்கப்போகும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் '40 மணி நேரம்' என்று இருக்கும். அது கேஸில், அதாவது பட்ஸை வைத்து சார்ஜ் ஏற்றும் சிறு டப்பாவில், உள்ள சார்ஜையும் சேர்த்த கணக்கு. காதில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் என்பது பொடி எழுத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள். அதுவும் பெரும்பாலும் பாதி வால்யூமில் அளந்ததுதான்.

அடுத்து நிறைய பேர் ஏமாறும் இடம், ஈஎன்சி (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன், சுற்றுப்புற இரைச்சல் நீக்கம்). பெயரைப் பார்த்து வெளிச்சத்தம் நம் காதில் விழாது என்று நினைத்துவிடுகிறோம். அது மைக்குக்கானது. நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு இரைச்சல் குறைவாகக் கேட்கும், அவ்வளவுதான். நம் காதுக்குச் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்). அதுவும் விசிறி, இன்ஜின் மாதிரி ஒரே சீராக உறுமும் சத்தத்தைத்தான் நன்றாக அமுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ஊர்க்கதை பேசினால் அது பாதிக்கு மேல் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். 13 எம்எம் டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), ப்ளூடூத் 5.3 என்பதையெல்லாம் பார்த்து மயங்க வேண்டாம். டிரைவர் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒலி நன்றாக இருந்துவிடாது. ப்ளூடூத் எண் கூடினால் பாட்டின் தரமும் கூடும் என்றும் இல்லை.

வாங்கிய முதல் வாரம்தான் முக்கியம். திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். முதலில் ரப்பர் முனை. பாட்டு ஓடும்போது விரலால் மெல்லக் காதுக்குள் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் (அடித்தொனி, 'தும் தும்' ஒலி) சட்டென்று எழும்பினால் முனை உங்கள் காதுக்குப் பொருந்தவில்லை, வேறு அளவைப் போடுங்கள். என் இடது காதுக்குச் சிறியது, வலது காதுக்கு நடுத்தரம். 'சவுண்டே சரியில்லை' என்று நான் ஒதுக்கி வைத்திருந்த இரண்டாவது ஜோடி, முனையை மாற்றிய அன்றைக்கே வேறு பொருள் மாதிரி ஒலித்தது. இடைவெளி இருந்தால் பேஸ் ஒழுகிவிடும், அதை ஈடுகட்ட வால்யூமைக் கூட்டுவோம், கடைசியில் காதுக்குத்தான் கேடு.

அப்புறம் போனைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திறந்த வெளியில் நடந்து பாருங்கள். ப்ளூடூத் அலை உடம்பைத் தாண்டி வரத் தடுமாறும். வீட்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் அலை காப்பாற்றிவிடும், வெளியே அது கிடையாது. காற்றடிக்கும் இடத்தில் நின்று யாருக்காவது போன் செய்து, என் குரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். விலை குறைந்தவற்றில் பல இங்கேதான் மாட்டிக்கொள்ளும். இரவு முழுக்கக் கேஸில் வைத்துவிட்டு, காலையில் இரண்டு பக்கமும் 100 காட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறவில்லை என்றால் கேஸுக்குள் சார்ஜ் ஏற்றும் உலோக ஊசி சரியாகத் தொடவில்லை என்று சந்தேகப்படலாம்.

நீர் தாங்கும் தரத்தைச் சொல்லும் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று மட்டுமே அர்த்தம். வியர்வையில் உப்பு இருக்கிறது, அது சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை மெல்ல அரிக்கும். துடைத்துவிட்டுக் கேஸில் வையுங்கள்.

கேம் ஆடத்தான் வேண்டும் என்றால் இந்த விலைக்குள் தேடாதீர்கள். ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். வீடியோவில் பிளேயரே படத்தைத் தாமதித்துச் சமாளித்துவிடும். கேமில் அது நடக்காது, சுட்ட பிறகுதான் சத்தம் வரும். பாட்டின் தரம் மட்டுமே வேண்டுமென்றாலும் அதே விலைக்கு ஒயர் இயர்போன் வாங்குங்கள், பேட்டரிக்கும் சிப்புக்கும் போகிற காசு அதில் ஒலிக்குப் போகும்.

இன்னொன்று. இப்போது வைத்திருக்கும் ஜோடியில் போன மாதம் இடது பக்கம் சத்தம் பாதியாகிவிட்டது. போச்சு என்று புதியது தேட ஆரம்பித்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் ஒலி வரும் வலை முழுக்கக் காதழுக்கு! காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால், வலை கீழே பார்த்தபடி பிடித்துத் தேய்த்ததும் சரியாகிவிட்டது.